கரையும் உடைமையும்: கார்வேட்டிநகர ஏரி வழக்கும் நீருரிமைச் சொற்களும்

சென்னை இருப்புப்பாதைக் கம்பெனி ஒருபுறமும் கார்வேட்டிநகர ஜமீன்தார் மறுபுறமும் நின்று நடத்திய வழக்கொன்றில் இலண்டன் பிரிவி கவுன்சில் 1874ஆம் ஆண்டு தீர்ப்பு வழங்கியது. ஜமீன் எல்லைக்குள் இருந்த ஏரிகள் உடைத்துக்கொண்டதால் எழுந்த வெள்ளம் இருப்புப்பாதையையும் அதன் கட்டுமானங்களையும் சிதைத்தது. ஏரிக்கு உடையவர் என்ற முறையில் ஜமீன்தார் அச்சேதத்திற்கு ஈடு தரவேண்டும் என்பது கம்பெனியின் கோரிக்கை. அக்கோரிக்கை தள்ளுபடியாயிற்று.

இந்தியத் தீங்கியல் சட்டநூல்கள் இத்தீர்ப்பை ஒரு விதிவிலக்கிற்கு எடுத்துக்காட்டாகச் சில வரிகளில் சொல்லி அப்பாற் செல்வது வழக்கம். மொழியறிஞர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் அது அவ்வளவில் அடங்குவதன்று. நீர்நிலையின் ஓரத்தில் நிலம் உடையவருக்கு அந்நீரில் என்ன உரிமை, என்ன கடமை என்னும் வினாவிற்கு ஆங்கிலச் சட்டம் ஒரு வகையிலும் ஏரிப்பாசன நாட்டு வழக்காறு மற்றொரு வகையிலும் விடை தருகின்றன. இவ்விரு விடைகளும் முதன்முதலாக நேருக்குநேர் மோதிய இடங்களுள் கார்வேட்டிநகரம் ஒன்று. மோதியவை சொற்களின் வடிவிலேயே மோதின.

ஜமீனும் இருப்புப்பாதையும்

நகரி மலைப்பகுதியில், தொண்டைமண்டலத்தின் வடபுறத்தில் அமைந்தது கார்வேட்டிநகரம். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் நிலப்பகுதி அது. வேணுகோபாலன்மீது பதங்கள் இயற்றிய சாரங்கபாணியின் ஊர் என்பதால் இசையுலகம் இதனை நன்கறியும். கம்பெனி ஆவணங்களில் இது பொம்மராஜ பாளையம் என்று இடம்பெறும். 1802ஆம் ஆண்டு நிலையான தீர்வை ஏற்பாட்டின்போது வெங்கடகிரி, காளத்தி, சைதாபுரம் ஆகிய பாளையங்களோடு கார்வேட்டிநகரமும் ஜமீனாக்கப்பட்டது. படையுதவிக் கடமை நீக்கப்பட்டு, பேஷ்கஷ் என்னும் நிலையான பணத்தொகை விதிக்கப்பட்டது.

அப்போது ஜமீன்தார்களுக்கு அளிக்கப்பெற்ற பட்டயத்தின் பெயர் கருதத்தக்கது. 'சனத்-இ-மில்கியத்-இ-இஸ்திம்ரார்' என்பது அது. 'மில்கியத்' என்னும் அரபுப் பாரசீகச் சொல் உடைமை என்னும் பொருளது. 1802ஆம் ஆண்டு 25ஆம் ஒழுங்குவிதியும் மண்ணின் உடைமை ஜமீன்தாரிடம் உள்ளதாகவே பேசிற்று. இருபது ஆண்டு கழித்து, 1822ஆம் ஆண்டு 4ஆம் ஒழுங்குவிதி அதனைத் திருத்திப் பொருள் கூறவேண்டியதாயிற்று: முந்தைய விதிகள் குடிகள் முதலிய பிறருடைய உண்மையான உரிமைகளை வரையறுக்கவோ குறைக்கவோ அழிக்கவோ கருதியவை அல்ல என்று அது அறிவித்தது. ஒரு சொல் தந்த பொருளை மற்றொரு சட்டம் இயற்றித் திரும்பப் பெற முயன்ற நிகழ்ச்சியாக இதனைக் கொள்ளலாம். ஆயினும் பட்டயத்தில் 'மில்கியத்' என்ற சொல் இருந்தபடியே இருந்தது.

வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்திற்குச் சென்றது. ஜமீனின் பகுதியாயிருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்தில் இணைக்கப்பட்டது. ஒரே ஜமீனின் ஏரிகள் இன்று இரண்டு மாநிலங்களின் கணக்குகளில் இரு மொழிகளில் எழுதப்படுவதற்கு இதுவே காரணம்.

அரக்கோணத்திலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாக ரேணிகுண்டாவை நோக்கி 1860களில் சென்ற வடமேற்கு இருப்புப்பாதை இந்நிலப்பகுதியை ஊடறுத்தது. இங்குள்ள ஏரிகள் தனித்தனியானவை அல்ல. மேல் ஏரியின் மிகைநீர் கலிங்கின் வழியே கீழ் ஏரிக்கு இறங்கும். அதன் மிகைநீர் அடுத்ததற்கு இறங்கும். மேலே ஒன்று உடைந்தால் கீழே உள்ளவையும் தாங்கமாட்டா. இத்தொடரின் குறுக்கே மண்மேடு எழுப்பி அதன்மேல் தண்டவாளம் இடுவது, நீரின் கண்கொண்டு பார்த்தால், இன்னொரு கரை கட்டுவதே ஆகும். ஆனால் அக்கரைக்குக் கலிங்கு இல்லை. பாலத்தின் கண்கள் மட்டுமே உண்டு. பழைய நீரமைப்பிற்குள் புதியதாக வந்து நின்றது இருப்புப்பாதையே. வழக்கில் அது தன்னை நெடுநாள் அண்டைவீட்டார்போல் காட்டிக்கொண்டது.

இலங்காஷயரின் தேக்கம்

கம்பெனியின் வழக்கறிஞர் கையிலெடுத்தது அந்நாளில் புத்தம்புதிய ஆங்கிலச் சட்டநெறி. இலங்காஷயரில் ஆலை முதலாளி ஒருவர் தம் ஆலைக்காக நீர்த்தேக்கம் ஒன்று கட்டுவித்தார். 1860இல் அதன் நீர் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகளின் வழியே இறங்கி, அண்டை நிலத்தில் இருந்த நிலக்கரிச் சுரங்கத்தை நிரப்பியது. ரைலண்ட்ஸ் – பிளெட்சர் வழக்கு எனப் பெயர்பெற்ற இதில், 1866ஆம் ஆண்டுத் தீர்ப்பை 1868இல் பிரபுக்கள் சபை உறுதிசெய்தது. வெளியேறினால் தீங்கு செய்யக்கூடிய ஒன்றைத் தன் நிலத்திற்குத் தன் பயனுக்காகக் கொண்டுவந்து சேர்ப்பவன், அது வெளியேறுமாயின் கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஈடு தரக்கடவன் என்பது அந்நெறியின் சாரம். பிரபுக்கள் சபை நிலத்தின் இயல்பான பயன்பாடு, இயல்பல்லாத பயன்பாடு என்னும் வேறுபாட்டையும் அதனோடு இணைத்தது.

இந்நெறியைக் கார்வேட்டிநகரத்திற்குப் பொருத்துவது சொல்லளவில் மிக எளிது. ஜமீன்தார் உடையவர், பட்டயமே அவ்வாறு கூறுகிறது. ஏரி அவர் நிலத்தில் இருக்கிறது. அதில் நீர் சேர்த்து வைக்கப்படுகிறது. அது வெளியேறித் தீங்கு செய்தது. 'உடையவர்', 'நிலம்', 'தேக்கம்' என்னும் மூன்று சொற்களையும் இரு நாட்டிலும் ஒரே பொருளுடையவையாக ஏற்றுக்கொண்டால் கம்பெனியின் வெற்றி உறுதி. கவனக்குறைவு நிறுவப்படாத நிலையில் கம்பெனிக்கு வேறு துணையும் இல்லை.

பிரிவி கவுன்சில் அம்மூன்று சொற்களையும் ஒவ்வொன்றாக மறுத்தது. இந்த ஏரிகள் மிகப் பழையவை. ஒருவர் தம் தனிப்பயனுக்காகக் கொண்டுவந்து வைத்தவை அல்ல. நாடளாவிய பாசன அமைப்பின் உறுப்புகளாகிய இவை இந்து, இஸ்லாமியச் சட்டங்களாலும் கம்பெனி ஆட்சியின் ஒழுங்குவிதிகளாலும் ஏற்கப்பெற்றவை. இவையின்றி மக்கட்டொகையின் பெரும்பகுதி உயிர்வாழ இயலாது. ஏரிகளைக் காக்கும் பொதுக்கடமை முதலில் அரசினுடையதாக இருந்தது. தீர்வை ஏற்பாட்டின்போது பலவிடங்களில் அது ஜமீன்தார்மீது இறங்கியது. ஏரியை மூடிவிட ஜமீன்தாருக்கு அதிகாரம் இல்லை. காத்துப் பழுதுபார்க்கும் கடமை மட்டும் உண்டு. ஆகவே அவருடைய நிலை இலங்காஷயர் ஆலை முதலாளியின் நிலையோடு ஒத்ததன்று. சட்டத்தால் அதிகாரமும் கடமையும் சுமத்தப்பெற்ற பொது நிறுவனத்தின் நிலையோடு ஒத்தது. தீர்ப்பின் வாதம் இவ்வாறு செல்கிறது.

இங்கே உய்த்துணர வேண்டியது ஒன்றுண்டு. ஜமீன்தார் வென்றார், ஆனால் உடைமையாளராக வெல்லவில்லை. தம் ஏரியை விரும்பியவாறு செய்யும் உரிமை தமக்கு இல்லை என்ற அடிப்படையிலேயே அவர் பொறுப்பிலிருந்து விடுபட்டார். 'மில்கியத்' என்ற சொல் தந்ததைத் தீர்ப்பு மெல்ல எடுத்துக்கொண்டது. ஈடு கொடுக்காமல் தப்பியதன் விலை அதுவே. அன்றைய ஜமீன் அலுவலர்கள் இதனை உணர்ந்திருப்பின் வெற்றிக் களிப்பு சற்றுக் குறைந்திருக்கும்.

'டாங்க்' என்னும் சொல்

தீர்ப்பில் ஏரியைக் குறிக்க வருவது 'டாங்க்'. போர்த்துக்கீசிய 'தாங்கெ' என்பதும் குஜராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தொட்டியைக் குறிக்கும் 'டாங்க்கெ' போன்ற வடிவங்களும் இதன் மூலமாகக் காட்டப்பெறுகின்றன; 1886இல் வெளிவந்த ஹாப்சன்–ஜாப்சன் அகராதி இவ்விரு வழிகளையும் விரிவாக ஆராய்கிறது. வருவாய்த்துறை ஆங்கிலம் இச்சொல்லை ஏரி, குளம், ஊருணி, தெப்பக்குளம் ஆகிய அனைத்திற்கும் பொதுவாக்கியது. கார்வேட்டிநகரத்தின் படிக்கட்டு சூழ்ந்த கந்த புஷ்கரிணியும் 'டாங்க்'. நூறு குடிகளின் வயலுக்கு நீர் தரும் ஏரியும் 'டாங்க்'. முன்னது நீராடுவதற்கும் வழிபாட்டிற்கும் உரியது. அதற்கு ஆயக்கட்டு இல்லை. பின்னது ஆயக்கட்டு இல்லாவிடில் ஏரியே அன்று.

தென்மொழிகள் இவ்வகையில் தெளிவானவை. தெலுங்கின் 'செறுவு', கன்னடத்தின் 'கெறெ', மலையாளத்தின் 'சிற', தமிழில் அணை என்னும் பொருளில் வரும் 'சிறை' ஆகியவை ஒரே வேரினவாகக் கொள்ளப்பெறுவன. தடுத்தல், அடக்குதல் என்பதே அடிப்படைப் பொருள். நீரைத் தடுக்கும் செயலே நீர்நிலைக்குப் பெயராயிற்று. மனிதர் கட்டினர் என்ற செய்தி பெயருக்குள்ளேயே இருக்கிறது. 'டாங்க்' என்னும் சொல்லில் கொள்கலம் இருக்கிறது. கட்டியவரும் காப்பவரும் இல்லை.

காப்பவருக்குரிய சொற்கள் மிகப் பல. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரிவாரியத்தைத் தோட்டவாரியம் முதலியவற்றோடு சேர்த்து ஊராட்சியின் உறுப்பாக வைக்கின்றன. ஏரியின் பராமரிப்பிற்கு விட்ட நிலம் ஏரிப்பட்டி. தெலுங்கு நாட்டிலும் அதை ஒட்டிய தமிழ்ப் பகுதிகளிலும் ஏரி கட்டியவருக்கும் பழுதுபார்ப்பவருக்கும் விடப்பெற்ற மானியம் தசபந்தம். 'பத்தில் ஒன்று' என்னும் கணக்கு அதன் பெயரில் உறைந்துள்ளது. மிகைநீர் வழிக்குத் தமிழ் கலிங்கு, கலிங்கல். அதுவே பொறியாளர் ஆங்கிலத்தில் 'கலிங்குலா' ஆயிற்று. மதகுக்குத் தெலுங்கு 'தூமு'. நீர் திறந்து பகிர்பவர் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையர். ஊரார் கூடிச் செய்யும் பழுதுபார்ப்பு குடிமராமத்து. 'குடி' தமிழ், 'மராமத்து' அரபு. 1858ஆம் ஆண்டுச் சென்னை 1ஆம் சட்டம் இவ்வழக்காற்றைக் கட்டாய உழைப்பாக மாற்றி எழுதிக்கொண்டது. வழக்காறு சட்டமொழிக்குள் நுழையும்போது 'கூடிச் செய்தல்' எப்படிக் 'கட்டாயம்' ஆகிறது என்பதற்கு இதைவிடக் குறுகிய எடுத்துக்காட்டு காண்பது அரிது.

கடப்பை மாவட்டத்துப் போருமாமில்லாவில் 1369ஆம் ஆண்டிற்குரிய வடமொழிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. விசயநகர இளவரசன் பாஸ்கரன் வெட்டுவித்த ஏரியைப் பற்றியது அது. நல்ல ஏரிக்குரிய பன்னிரண்டு அங்கங்களையும் ஆறு குற்றங்களையும் அது வரிசைப்படுத்துகிறது; நாள்தோறும் ஆயிரம் ஆட்களும் நூறு வண்டிகளும் உழைக்க, இரண்டாண்டுகளில் வேலை முடிந்ததாகக் கூறுகிறது. தெலுங்கு மரபில் ஏரி கட்டுதல் ஏழு சந்தானங்களுள் ஒன்று. மகன், கோயில், காவியம் முதலியவற்றோடு எண்ணப்படுவது. சந்தானம் என்பதை 'உடைமை' என்று மொழிபெயர்க்க எவரும் துணியார்.

கரை எந்தப் பக்கம்

நீர்நிலையை ஒட்டிய நிலத்தின் உரிமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இலத்தீன் 'ரீப்பா' என்பதிலிருந்து பிறந்தது. அதன் பொருள் ஆற்றின் கரை. அதனால் தமிழில் 'கரையோர உரிமை', 'ஆற்றங்கரை நிலவுரிமை' எனப் பெயர்ப்பர். ஆற்றைப் பொறுத்தமட்டில் இது குற்றமற்ற பெயர்ப்பு. கரை இயற்கையானது, நிலம் அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, தொடுதல் காரணமாகவே உரிமை பிறக்கிறது. நிலம் வாங்கியவருக்கு அவ்வுரிமை தானே வரும். நிலம் ஆற்றைத் தொடாவிடில் எவ்வளவு அருகில் இருப்பினும் வராது.

ஏரிக்கு வந்தால் இச்சொல் தலைகீழாகிறது. ஏரிக்கரை மண்ணால் கட்டியது. நீரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பது. எதிர்ப்பக்கத்தில் நீர் மெல்லமெல்ல ஆழம் குறைந்து நிலத்தோடு கலக்கும். அப்பகுதிக்கு உள்வாய் என்று பெயர். நீரைத் தொட்டு நிற்கும் நிலம் உள்வாயை ஒட்டிய நிலமே. அந்நிலத்திற்கு ஏரியால் நீர் கிடைப்பதில்லை. ஏரி நிரம்பினால் மூழ்குவதே அதற்குக் கிடைப்பது. நீர் வற்றிய பின் ஈரத்தில் ஒரு பயிர் எடுக்கலாம். அதுவும் பெரும்பாலும் அரசு அல்லது ஊரின் இசைவைப் பொறுத்தது. நீருக்கு உரிமையுடைய நிலமோ கரைக்கு மறுபுறம், நீரைத் தொடாமல், மதகிற்குக் கீழே இருக்கிறது. தலைமடை, இடைமடை, கடைமடை என்று முறைவைத்து, ஏரியிலிருந்து வெகுதொலைவில் உள்ள வயலும் பங்கு பெறுகிறது. தொடுதலால் உரிமை பிறப்பதில்லை. ஆயக்கட்டில் சேர்ந்திருப்பதால் பிறக்கிறது. 'கரையோர நிலம்' என்ற பெயர்ப்பு ஆங்கிலச் சட்டப்படி உரிமையுள்ள நிலத்தைக் குறிக்க, ஏரி வழக்காற்றில் உரிமையற்ற நிலத்தைக் குறித்துவிடுகிறது.

தமிழ்க் 'கரை'க்கு இன்னொரு பொருளும் உண்டு. ஊர்நிலத்தில் ஒருவர்க்குரிய பங்கே கரை. தொண்டைமண்டலத்து மிராசி உரிமையைப் பற்றி 1816இல் எல்லிஸ் எழுதிய விடைகளைப் படித்தவர்கள் இதனை அறிவர். நிலத்தைக் காலந்தோறும் மாற்றிப் பகிரும் முறை பசுங்கரை; ஒருமுறை பகிர்ந்து நிலைப்படுத்தியது அறுதிக்கரை. நிலப்பங்கோடு நீர்ப்பங்கும் சேர்ந்து வந்தது. ஆகவே 'கரை' என்னும் சொல் நீரின் ஓரத்தையும் குறிக்கும், நீரில் பங்கையும் குறிக்கும், இரண்டும் ஒன்றன்று. இலத்தீனில் ஒரே ஓடையைப் பயன்படுத்துவோர் 'ரிவாலிஸ்' எனப்பட்டனர். போட்டியாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதன் வழிவந்தது. தமிழ்ப் 'பங்காளி'யும் ஏறத்தாழ அதே வழியில் நடந்திருப்பதைப் பேச்சுவழக்கு காட்டும்.

பழைய விற்பனைப் பத்திரங்களின் தொடர் இங்கு நினைவிற்கு வருகிறது. நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்னும் எட்டுவகை அனுபவங்களோடு நிலத்தை விற்றதாக எழுதுவது தமிழ், தெலுங்கு, கன்னட நாடுகளுக்குப் பொதுவான மரபு. மூன்றாவதாக நிற்கும் ஜலத்தைக் கண்டு, நீர் நிலத்தின் உடைமையாகவே விற்கப்பட்டது என்று முடிவுகட்டுவது பொருந்தாது. அந்நிலத்துள் இருக்கும் கிணறும் ஊற்றும் அதில் அடங்கும். ஏரிநீரின் பங்கு ஆயக்கட்டு முறையினால் வருவது; விற்பவர் தனியாக அளிக்கக்கூடியதன்று. இத்தொடரை மொழிபெயர்ப்போர் 'நீருரிமை' என்ற விரிந்த சொல்லைத் தவிர்த்து 'நிலத்திலுள்ள நீர்' என்று நிறுத்திக்கொள்வது நலம்.

1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடர்ப்பாடு

வழக்கு முடிந்த எட்டாண்டுகளில் இந்திய வசதியுரிமைச் சட்டம் (1882ஆம் ஆண்டு 5ஆம் சட்டம்) வந்தது. தொடக்கத்தில் அது சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றிற்கே உரியதாக இருந்தது. அதன் 7ஆம் பிரிவின் விளக்க உதாரணங்கள், இயற்கையான ஓடை, ஏரி, குளம் ஆகியவற்றை ஒட்டிய நிலத்தின் உடைமையாளர் அந்நீரைக் குடிக்கவும் வீட்டுக்குப் பயன்படுத்தவும் கால்நடைக்குக் காட்டவும் உரியவர் என்கின்றன. ஒட்டியுள்ள பிற உடைமையாளர்க்குக் குறிப்பிடத்தக்க கேடு நேராத அளவில் அந்நிலத்திற்குப் பாய்ச்சவும் தொழிற்சாலைக்குப் பயன்படுத்தவும் உரியவர். இயற்கை ஓடை என்பது நிலையானதாகவோ அவ்வப்போது ஓடுவதாகவோ, நிலத்தின்மேலோ கீழோ, இயற்கையின் செயலால் மட்டும், அறியப்பட்ட வழியில் ஓடுவது என்றும் சட்டம் வரையறுக்கிறது. கோடையில் மணலாகக் கிடந்து மழையில் மட்டும் பெருகும் குசஸ்தலை போன்ற ஆறுகள் இவ்வரையறைக்குள் அடங்கும். ஆற்றுமணலைத் தோண்டி அடிநீரைக் கொணரும் ஊற்றுக்கால்கள் எப்பக்கம் சேரும் என்பது அவ்வளவு தெளிவன்று. அடியில் ஓடும் நீர் இயற்கையின் செயல், கால் மனிதர் செயல்.

இச்சட்டத்தைத் தமிழாக்குவோர்க்குக் காத்திருக்கும் கண்ணி மேலே வந்த 'ஏரி' என்ற சொல்லிலேயே உள்ளது. ஆங்கில மூலத்தில் இயற்கையான பெருநீர்நிலைக்கும் பாசனத்திற்குக் கட்டிய நீர்நிலைக்கும் இருவேறு சொற்கள் உள்ளன. இக்காலத் தமிழ் இரண்டையும் ஏரி என்கிறது. சூரிச்சும் ஏரி, காவேரிப்பாக்கமும் ஏரி. 'இயற்கையான' என்ற அடைமொழியோடு பெயர்த்தாலும், தொடரின் பிற்பகுதியில் அவ்வடை விழுந்துவிடுவது இயல்பு. விழுந்தவுடன், உள்வாயை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் ஏரிநீரை இறைத்துப் பாய்ச்சும் உரிமை சட்டத்திலேயே தமக்கு எழுதப்பட்டிருப்பதாகப் படிப்பார். கடைமடைக்காரர் பங்கு ஒரு பெயரடையில் தொங்குகிறது. மனிதர் கட்டியதற்கு 'ஏரி' என்பதையே காத்துக்கொண்டு, இயற்கையானதற்கு 'பொய்கை' அல்லது 'இயற்கை நீர்நிலை' என வேறு சொல் ஆள்வது இவ்விடரை நீக்கும். 'பொய்கை'யை 'மானிடர் ஆக்காத நீர்நிலை' என்று பழைய உரைமரபு விளக்குவதும் இதற்கு அரணாகிறது.

அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு இன்னொரு பக்கத்தைக் காட்டும். இயற்கை வழிகளில் ஓடும் ஆறுகளின் நீரையும் இயற்கை ஏரி, குளங்களின் நீரையும் பொதுச்செலவில் கட்டிய பாசனக் கால்களின் நீரையும் சேர்க்கவும் தேக்கவும் பகிரவும் அரசுக்குள்ள உரிமையை இச்சட்டம் தொடாது என்கிறது அது. உரிமையைக் கொடுத்த கையே அதற்கு முன்பே மேலுரிமையை ஒதுக்கிவைத்துக்கொண்டது.

யாருடைய ஆறு

இம்மேலுரிமை வருவாயோடு பிணைந்திருந்தது. 1865ஆம் ஆண்டுச் சென்னைப் பாசனத்தீர்வைச் சட்டம் அரசுக்குரிய அல்லது அரசு கட்டிய ஆறு, ஓடை, கால்வாய், ஏரி முதலியவற்றின் நீரைப் பாசனத்திற்குக் கொண்டால் தனித்தீர்வை விதிக்க வழிசெய்தது. தீர்வைஜாஸ்தி, பசல்ஜாஸ்தி என்னும் கணக்குச் சொற்கள் ஊர்ப்புறத்தில் பரவியது இத்தகைய நீர்வரிகளால். ஆறு அரசுக்கு 'உரியது' ஆகுமா என்ற வினா அரை நூற்றாண்டு நீதிமன்றங்களை அலைக்கழித்தது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஆற்றுப்படுகை, ஏரிப்படுகை, நிற்கும் நீர், ஓடும் நீர் ஆகியவை, பிறர்க்கு உரியவை நீங்கலாக, அரசின் சொத்து என்றே அறிவித்தது. கஞ்சம் மாவட்டத்து உர்லாம் ஜமீன் வழக்கில் 1917ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் ஜமீன்தார் பக்கம் நின்றது. 1802ஆம் ஆண்டு ஏற்பாட்டின்போதே இருந்த கால்களின் வழியே வம்சதாரா நீரைக் கொள்ளும் உரிமை அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியது என்றும், பாசனப்பரப்பு பெருகியதற்காக அவ்வழி வரும் நீருக்குத் தீர்வை கூடாது என்றும் அது முடிவு செய்தது. கார்வேட்டிநகரத் தீர்ப்பும் உர்லாம் தீர்ப்பும் ஒரே ஏற்பாட்டிலிருந்து, முன்னது கடமையையும் பின்னது உரிமையையும் வருவித்தன.

1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச்சட்டம் ஏரிகளின் படுகையையும் கரையையும் குடிகளின் சாகுபடி நிலம் என்னும் வரையறையிலிருந்து விலக்கி, பாசன அமைப்புகளைப் பழுதுபார்ப்பதற்குத் தனி அத்தியாயமும் வகுத்தது. 1948ஆம் ஆண்டு 26ஆம் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தன. ஆறுகள், ஓடைகள், ஏரிகள், பாசன அமைப்புகள் உள்ளிட்ட எஸ்டேட் முழுவதும் அரசிடம் சேர்ந்தது. 1874இல் பிரிவி கவுன்சில் அரசிடமிருந்து ஜமீன்தார்மீது இறங்கியதாகக் கூறிய கடமை, புறப்பட்ட இடத்திற்கே திரும்பிற்று. சட்டத்தின் சொல் 'சேர்தல்'. உடைமையாகச் சேர்ந்ததா, காப்பாகச் சேர்ந்ததா என்பதை அச்சொல் கூறவில்லை.

அவ்வினாவிற்கு விடை கார்வேட்டிநகரத்திலிருந்து தொலைவில்லாத திருப்பதியில் எழுந்தது. நகரம் வளர்ந்தபோது அவிலாலா ஏரிநிலம் வீட்டுவசதி வாரியத்திற்கும் பேரூரு ஏரிநிலம் திருமலை திருப்பதி தேவஸ்தானத்திற்கும் குடியிருப்புகளுக்காக அளிக்கப்பட்டன. பயனற்றுப்போன ஏரிகள் என்பது அரசுத் தரப்பின் வாதம். இன்டலெக்சுவல்ஸ் போரம் என்னும் திருப்பதி அமைப்பு தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2006ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அரசு இயற்கை வளங்களுக்கு உடையவர் அல்லர், மக்கள் பொருட்டுப் பொறுப்பேற்றுக் காப்பவரே என்னும் கோட்பாட்டை அது அடிப்படையாகக் கொண்டது. எழுந்துவிட்ட கட்டடங்களை இடிக்கச் சொல்லாமல், மேற்கொண்டு கட்டுவதைத் தடுத்து, மழைநீர் சேமிப்பு முதலிய நிபந்தனைகளை விதித்தது.

இக்கோட்பாடு இந்தியாவில் 1996ஆம் ஆண்டு கமல்நாத் வழக்கின் வழியே நிலைபெற்றது. அதற்கு அமெரிக்க முன்னோடியாக எடுத்துக்காட்டப்பெற்றவற்றுள் ஒன்று 1892ஆம் ஆண்டு இல்லினாய் சென்ட்ரல் வழக்கு. மிச்சிகன் ஏரியின் சிகாகோ துறைமுகப் படுகையை இருப்புப்பாதைக் கம்பெனி ஒன்றிற்குக் கொடுத்துவிடும் உரிமை மாநிலத்திற்கு இல்லை என்றது அது. அங்கும் இருப்புப்பாதை, அங்கும் ஏரி என்பது தற்செயல் ஒற்றுமையாயினும் சுவையானது. திருப்பதித் தீர்ப்புக்கு உள்ளூர் முன்னோடி வேண்டுமாயின், அதே வட்டாரத்து ஜமீன்தாரைப் பற்றி 1874இல் எழுதப்பெற்றதைக் காட்டலாம். இக்கோட்பாட்டின் பெயரைத் தமிழில் 'பொது நம்பிக்கை' என்று பெயர்ப்பது சொல்லுக்குச் சொல் சரியாயினும் சட்டப்பொருளை இழக்கிறது. நம்பிக்கை மனத்தின் நிலை, இங்கு வேண்டுவது பொறுப்பின் பெயர். 'அறக்கட்டளை' நிறுவனத்தைக் குறித்துவிடும். காணியாட்சி என்னும் பழஞ்சொல்லில் பெறுதலும் பேணுதலும் ஒருங்கே இருந்தன. அம்முறையில் 'பொதுக்காப்பாட்சி' என ஆக்கிக்கொள்ள இடமுண்டு.

ஆற்றின் கரை பற்றிய பழைய வினா இதனால் ஓய்ந்துவிடவில்லை. குசஸ்தலை தமிழ்நாட்டில் கொசஸ்தலையாறு எனப் பெயர் பெற்று, 1944இல் கட்டிமுடித்த பூண்டி நீர்த்தேக்கத்தின் வழியே சென்று எண்ணூரில் கடலை அடைகிறது. அவ்வாற்றில் கார்வேட்டிநகர மண்டலத்துக் கத்தரபள்ளியிலும் நகரியை அடுத்த முக்கலகண்டிகையிலும் நீர்த்தேக்கங்கள் கட்டும் ஆந்திர அரசின் திட்டத்திற்கு எதிராக 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டு முதலமைச்சர் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மேலே தேக்கினால் சென்னையின் குடிநீருக்கும் திருவள்ளூர் மாவட்டப் பாசனத்திற்கும் நீர் குறையும் என்பது அதன் முறையீடு. ஆங்கிலச் சட்டமொழியில் அது கீழ்க்கரை உடைமையாளரின் வாதம். செய்தித்தாள்கள் இத்தகைய பூசல்களை எழுதும்போது கையாளும் சொல்லோ 'கடைமடை'. ஏரியின் சொல் ஆற்றுக்கு ஏறியிருக்கிறது.